சர்க்கரைத் தண்ணீரில் வளர்ந்தவை

முனைவர் ஜெயப்பிரகாஷின் பெயருக்கு முன்னால் எத்தனை பட்டங்கள் உண்டு என்பது ஃப்ளெக்ஸ் அடிப்பவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், கரும்புக் காட்டுக்கு நடுவே, ஒரு கல்வி அறக்கட்டளை தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டு அதற்கு 'உயிரி பிளாஸ்டிக் உயராய்வு மையம்' என்று பெயரும் வைத்திருந்தது. வாசல் ஃப்ளெக்ஸில் 'சூழல் செம்மல்', 'பசுமைப் பேரறிஞர்' என்று தொடங்கிய பட்டங்கள் இறங்கி இறங்கி, கடைசி வரியில் இடம் பற்றாமல் 'மண்ணின் மை' என்று அறுந்து நின்றன. அதைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் புதிதாக இன்னொன்று அடிக்கச் சொல்வார் என்ற பயம்தான்.

உள்ளே நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைக் கோப்பை. 'எமது தயாரிப்பு' என்று கீழே எழுதியிருக்கும். அதன் அடியில் ஒட்டியிருந்த ஆன்லைன் கடைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தவள் இருசம்மாள். கொட்டகைக்கு வெளியே சின்னக் குழி ஒன்று வெட்டி, ஒரு ஸ்பூனைப் புதைத்து, 'இங்கே பிளாஸ்டிக் மண்ணாகிக்கொண்டிருக்கிறது' என்று பலகை நட்டு, சுற்றி வேலியும் கட்டியிருந்தார்கள். ஏதோ புதைத்து வேலி கட்டியிருக்கிறதே, சும்மாவா இருக்கும் என்று களையெடுக்கப் போகிற பெண்கள் அதற்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். முனைவர் அதையும் படம் எடுத்து, 'மக்கள் அங்கீகாரம்' என்று அறக்கட்டளைக்கு அனுப்பிவைத்தார்.

இருசம்மாளுக்குக் கூட்டிப் பெருக்குவதும் தொட்டிக்கு ஊற்றுவதும் வேலை. சிறுவயதிலிருந்து கரும்பு வெட்டிய கை. புருஷன் பொன்னுரங்கம் கரும்பு லாரியின் மேலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தபிறகு, வெட்டுக் கும்பலோடு ஊர் ஊராகப் போக முடியாமல் இங்கே வந்து சேர்ந்தாள். நிழலில் வேலை. அதற்கே அவள் முனைவரைத் தெய்வமாக நினைத்திருந்தாள்.

வேலை இதுதான். சின்னத் தொட்டியில் நுண்ணுயிர்களைப் பெருக்குவார்கள். பெண்கள் அவற்றைப் 'பூச்சி' என்பார்கள். சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸ், உப்பு, யூரியா என்று எல்லாவற்றையும் எடைபோட்டுக் கோகிலவாணி கொடுப்பாள். அவள்தான் அங்கே உண்மையில் ஆராய்ச்சி செய்கிறவள், உளுந்தூர்பேட்டைக்காரப் பெண். அவள் பெயர் எந்த ஃப்ளெக்ஸிலும் இல்லை. பெருகிய பூச்சியைப் பெரிய தொட்டிக்கு மாற்றிய பிறகு வெறும் மொலாசஸ் தண்ணீர்தான். ஒரு மோட்டார் அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். கடைசியில் பூச்சியைப் பிழிந்தால் வெள்ளை மாவு வரும். அந்த மாவுதான் பிளாஸ்டிக். மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும்.

"பீயிலருந்து எரு வருதுன்னா நம்பலாம். பூச்சியிலருந்து டம்ளர் வரும்ன்றாங்களே, நீ நம்புறியாக்கா?" என்று கூட வேலை செய்த சின்னப்பொண்ணு கேட்பாள்.

"வந்தா நமக்கு வேலை. வராட்டி அவுங்களுக்கு அவமானம்" என்பாள் இருசம்மாள்.

அவளுக்கு வேலை மட்டுமில்லை. தொடக்க விழாவில் முனைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். முதல் அறுவடை வெற்றி பெற்றால் பெண்கள் எல்லாருக்கும் வேலை நிரந்தரம். வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு அறக்கட்டளைக் கல்லூரியில் இலவச இடம். இருசம்மாளின் மகள் தேவதர்ஷினி ப்ளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் நர்சிங் என்று தூக்கத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த விழாவில் இன்னொன்றும் சொன்னார். "தாய்மார்களே! இந்த நுண்ணுயிர்கள் நம் குழந்தைகள். பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல் பாருங்கள்!" எழுதிக்கொடுத்ததைப் படித்தார். எழுதிக்கொடுத்தவரும் அதை நம்பி எழுதவில்லை. கேட்டவர்களில் ஒருத்தி மட்டும் நம்பிவிட்டாள்.

இன்னொரு பக்கம் ஏஜென்ட் வெங்கடேசன். திருப்பூர்ப் பக்கத்து நூல் மில்லுக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவன். வாரத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலில் பைக்கை நிறுத்துவான்.

"இன்னாக்கா முடிவு? ஹாஸ்டல் இருக்குது, சாப்பாடு இருக்குது. மூணு வருசம் ஓடுனதே தெரியாது."

"சார் சொல்லியிருக்காரு வெங்கடேசா. அறுவடை ஆவட்டும்."

"ஆவட்டும் ஆவட்டும். டம்ளரு முளைச்சா எனக்கும் ஒண்ணு எடுத்து வையி, டீ குடிக்க."

உள்ளே படுத்திருந்த பொன்னுரங்கம் இதற்குச் சிரிப்பான். தேவதர்ஷினி சிரிக்கமாட்டாள். ஏற்கெனவே அந்த மில்லுக்குப் போன இலக்கியா ஊருக்கு வந்தபோது நெஞ்சுக்குள் பஞ்சு அடைத்தது போல் இருமிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். "எம்மா, உன் பூச்சிக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று மட்டும் தினமும் கேட்பாள்.

ஒன்றும் ஆகவில்லை. நன்றாகவே ஆயிற்று. பெரிய தொட்டியில் கருப்பட்டி நிறத்தில் இருந்த தண்ணீர் மெல்ல மெல்ல வெளிறி, ஒரு சனிக்கிழமை காலை மோர் மாதிரி வெளுத்து நின்றது. கோகிலவாணி ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு முனைவரின் அறைக்கு ஓடினாள். சின்னத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த இருசம்மாளுக்கு எல்லாம் கேட்டது.

"சார், நல்லா கொழுத்திருக்கு. இன்னிக்கே எடுத்துடணும்."

"அறக்கட்டளைத் தலைவர் திங்கக்கிழமைதாம்மா வர்றார். அவர் பட்டன் அழுத்தாம எப்படி அறுவடை?"

"பட்டன் எதுவும் இல்லையே சார். வால்வைத் திறக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப ஒரு பட்டன் வைங்க."

வைத்தார்கள். எலக்ட்ரீஷியன் வந்து சுவரில் ஒரு பச்சைப் பட்டனைப் பொருத்தி, அதை ஒரு பல்பில் கொண்டுபோய்ச் சேர்த்தான். தலைவர் அழுத்தினால் பல்ப் எரியும்; எரிவதைப் பார்த்துச் சின்னப்பொண்ணு பின்பக்கம் போய் வால்வைத் திறக்க வேண்டும். அன்று சாயங்காலம்வரை அதற்கு ஒத்திகை நடந்தது.

கோகிலவாணி ஊருக்குப் புறப்படும்போது இருசம்மாளைக் கூப்பிட்டாள். "இருசம்மாக்கா, காத்து மோட்டார் மட்டும் ஓடட்டும். மொலாசஸ் ஊத்த வேணாம்."

"சர்க்கரைத் தண்ணிகூட வேணாமா மேடம்?"

"ஒண்ணும் வேணாம்."

"ரெண்டு நாளைக்குமா? ஏன் மேடம்?"

கோகிலவாணி வாயைத் திறந்தாள். பிறகு முனைவரின் அறைப் பக்கம் பார்த்தாள். வேலைக்காரப் பெண்களிடம் எதையும் விளக்கக் கூடாது, தொழில்நுட்ப ரகசியம் வெளியே போய்விடும் என்று அங்கே ஒரு விதி இருந்தது. கரும்புக் காட்டில் யார் வந்து அந்த ரகசியத்தைத் திருடுவார்கள் என்பதையும் யாருக்கும் விளக்கியதில்லை. "சொன்னா புரியாதுக்கா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை இருசம்மாளும் சின்னப்பொண்ணும்தான் கொட்டகையில். கல்வராயன் மலைமேல் மேகம் வந்து உட்கார்ந்துகொண்டு, இறங்கவும் இல்லாமல் போகவும் இல்லாமல் இருந்தது. சின்னப்பொண்ணு வால்வு திறக்கிற ஒத்திகையைத் தானாக ஒருமுறை நடித்துக் காட்டிச் சிரித்துவிட்டு, வாசல் நிழலில் கண்ணயர்ந்தாள். இருசம்மாள் பெரிய தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

வெளுத்துக் கிடந்தது.

கரும்பு வெளுத்தால் கரும்புக்காரன் யோசிக்கமாட்டான். யூரியா மூட்டையைப் பிரிப்பான். அவள் கை எத்தனையோ காட்டில் அப்படி வீசியிருக்கிறது. சின்னத் தொட்டிக்கு யூரியா போட்டார்கள், அது நுரைத்துப் பொங்கியது. பெரிய தொட்டிக்கு வந்ததும் நிறுத்தினார்கள். இப்போது சர்க்கரைத் தண்ணீரையும் நிறுத்தியாயிற்று. ஆபீஸ் என்றால் செலவைக் கம்மி பண்ணத்தான் பார்ப்பார்கள். பட்டனுக்குச் செலவு செய்துவிட்டுப் பூச்சி வயிற்றில் அடித்திருப்பார்கள்.

அவளுக்கு அது மட்டும் இல்லை. தேவதர்ஷினிக்கு முன்னால் ஒருவன் இருந்தான். தமிழரசன். கரும்பு வெட்டப் போன இடத்தில், சாக்குக் குடிசையில், மரத்தில் கட்டிய ஏணையில் கிடந்தான். அவளுக்குப் பால் வற்றிவிட்டது. விடிந்தால் கறுப்பு டீ, வெயிலேறினால் கறுப்பு டீ. அதைக் குடித்துவிட்டு வெட்டுகிற உடம்பில் பால் எங்கிருந்து ஊறும்? பிள்ளைக்கு சர்க்கரைத் தண்ணீரைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தாள். அழாமல் குடித்தான். உடம்பு ஊதிக்கொண்டு வந்தது. தலைமுடி செம்பட்டையாகி, தோல் வெளுத்தது. பார்த்தவர்கள் எல்லாம் "புள்ள கொழுகொழுன்னு இருக்கானே" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அவளும் கொழுப்பு என்றே நம்பினாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலை விரலால் அழுத்திக் காட்டினாள். குழி விழுந்து அப்படியே நின்றது. "வெறும் சர்க்கரைத் தண்ணியில புள்ளைய வளர்க்க முடியுமா? சத்து எங்கம்மா?" என்று கத்தினாள். அந்தக் குழி மேலெழும்பி வருவதற்குள் பிள்ளை போய்விட்டான்.

நேற்று கோகிலவாணியும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள். நல்லா கொழுத்திருக்கு.

இருசம்மாள் எழுந்து போய் மூட்டையைப் பிரித்தாள். ஒரு மக்கு நிறைய யூரியாவை அள்ளி, வாளித் தண்ணீரில் கரைத்து, தொட்டியின் ஓரத்தில் சுற்றிச் சுற்றி ஊற்றினாள். "சாப்பிடுங்க" என்றாள். யாராவது கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் தொட்டி நுரை தள்ளியது. வெளுப்பு கலைந்து பழையபடி பழுப்பேறத் தொடங்கியது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவள் மகளிடம் சொன்னாள்: "உன் பூச்சிங்க பிழைச்சிக்கிச்சுடி."

திங்கட்கிழமை தலைவர் வந்தார். மாலை, சால்வை, கும்பம். பொங்கல் வாசனையில் மொலாசஸ் வாசனை அடங்கிவிட்டது. கோகிலவாணி பஸ் தாமதமாகி, விழா தொடங்கிய பிறகுதான் ஓடிவந்தாள். தொட்டியை எட்டிப் பார்த்தவள் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மைக்கில் முனைவர் உலகைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததால் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

தலைவர் பட்டனை அழுத்தினார். பல்ப் எரிந்தது. சின்னப்பொண்ணு வால்வைத் திறந்தாள். எல்லாம் ஒத்திகைப்படி நடந்தன. மாவு ஒன்றுதான் வரவில்லை. மூட்டை மூட்டையாக வரும் என்று சாக்கெல்லாம் தைத்து வைத்திருந்தார்கள். பிழிந்து, கழுவி, காயவைத்ததில் கடைசியாகத் தட்டில் நின்றது திருநீறு போல் ஒரு சாம்பல்நிறப் பொடி.

முனைவர் அசரவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வெள்ளைக் கோப்பையை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து, "இதோ, நம் மண்ணின் பிள்ளை!" என்று நீட்டினார். கைதட்டினார்கள். தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரிசி மில்லில் தவிடு எது, குருணை எது என்று பார்த்தே பெரிய மனிதரானவர்.

"இது என் மருமவ வூட்லயும் இருக்குதே. ஆறா வாங்குனா இன்னும் கம்மியாம். நம்ம தொட்டியில வந்தது எங்க?"

அவர் பொங்கலைச் சாப்பிடாமல் காரில் ஏறினார்.

அன்று பிற்பகல் போர்வெல் பக்கம் கோகிலவாணி முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள். இருசம்மாள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். "அழாதீங்க மேடம். பூச்சிங்க நல்லாத்தான இருந்துச்சுங்க. வெளுத்துப் போயிருந்ததுங்களை நான்தான் யூரியா போட்டுத் தேத்தி வச்சேன்."

கோகிலவாணி தலையைத் தூக்கினாள். "எவ்வளவு?"

"ஒரு மக்கு."

அவள் திட்டுவாள் என்று இருசம்மாள் நினைத்தாள். அவள் திட்டவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னாள். "அக்கா, அந்த வெளுப்புதான் பிளாஸ்டிக்கு. சர்க்கரை ஜாஸ்தியா இருந்து சத்து இல்லாதப்ப, அதுங்களால வளர முடியாது. அப்ப அந்தச் சர்க்கரையைக் கொழுப்பு மாதிரி உடம்புக்குள்ள சேத்து வச்சுக்கும். அதைத்தான் நாம எடுக்கிறோம். நீங்க யூரியா போட்டதும் சத்து கெடைச்சிருச்சு. சர்க்கரையும் இல்ல. சேத்து வச்சதைக் கரைச்சுத் தின்னுட்டு வளர ஆரம்பிச்சிருச்சுங்க."

"அப்ப அதுங்களைப் பட்டினி போட்டாத்தான்..."

"ஆமாங்க்கா."

இருசம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "எம் பொண்ணு நர்சிங் போவணும் மேடம்" என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கோகிலவாணி கேட்கவில்லை.

"நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். புரியாதுன்னுட்டேன்." சட்டென்று எழுந்து நின்றாள். "ஆனா இது நல்ல செய்திக்கா! பூச்சியில கோளாறு இல்ல, முறையில கோளாறு இல்ல. இன்னொரு தடவை போட்டா கண்டிப்பா வரும். வாங்க, சார்கிட்டப் போவோம்."

இருவரும் போனார்கள். முனைவர் ஏற்கெனவே அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். கோகிலவாணி சொன்னதை எல்லாம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு மக்கு யூரியா" என்றார்.

"ஆமா சார். மறுபடி போட்டா—"

"ஒரு மக்கு யூரியாவால என் ப்ராஜெக்ட் படுத்திருச்சுன்னு நான் எழுதணுமா? கொட்டகையில ஒரு பூட்டு இல்லைன்னு எழுதணுமா? எவன்மா என்னை மாநாட்டுக்குக் கூப்பிடுவான்?" அறிக்கையைத் தட்டிக் காட்டினார். "பருவநிலை மாற்றம்னு போட்டிருக்கேன். 'கல்வராயன் அடிவாரப் பகுதியில் நுண்ணுயிர் செயல்பாட்டின் மீது பருவநிலை மாற்றத்தின் தாக்கம்'. தோல்விக்கும் ஒரு தரம் வேணும்."

இருசம்மாள் கையைக் கூப்பினாள். "ஐயா, எம் பேரைப் போட்டே எழுதிக்கோங்க. கூலியில புடிச்சிக்கோங்க. ஒரே ஒரு வாட்டி மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்க. நான் அந்தப் பக்கமே போவமாட்டேன்."

"உன் பேரை எந்த ஆய்விதழ்லம்மா போடுவாங்க?" என்றார் முனைவர். கோபமே இல்லை, கனிவாகத்தான் கேட்டார். "கவலைப்படாத, உன்னை நான் காட்டிக்கொடுக்கமாட்டேன். இதை யார்கிட்டயும் சொல்லாத. போ."

தன்னைக் காப்பாற்றிவிட்ட மனிதரின் அறையிலிருந்து அவள் பின்னோக்கியே நடந்து வெளியே வந்தாள்.

தலைவர் மையத்தை மூடச் சொல்லிவிட்டார். கொட்டகையை நெல் குடோனாக்கிக்கொள்ளலாம் என்றார். முனைவருக்கு ஒன்றும் குறையவில்லை. பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச கோவாவிலிருந்து அழைப்பு வந்தது. கோகிலவாணி சின்னப் புட்டி ஒன்றில் பூச்சியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஐஸ் பெட்டிக்கு யாரும் கையெழுத்துப் போடாததால், சாப்பாட்டு டப்பாவுக்குள் ஐஸ்கட்டியைப் போட்டு வைத்திருந்தாள். "எங்கயாவது இடம் கெடைச்சா மறுபடி வளப்பேன்க்கா" என்றாள். எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை.

தொட்டியைச் சுத்தம் செய்கிற வேலை பாக்கி இருந்தது. சின்னப்பொண்ணு பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்தாள். "நான் ஊத்தட்டுமாக்கா?" என்றாள். இருசம்மாள் வாளியைத் தானே வாங்கிக்கொண்டாள். ஊற்றினாள். நுரை அடங்கியது. காற்று மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டதால், செத்த தண்ணீர் வெகுநேரம் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

வெங்கடேசன் கேலி எதுவும் பேசாமல் வந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வியாழக்கிழமை வேன் என்றான். பொன்னுரங்கம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "போயிட்டு வரட்டும். எல்லாப் புள்ளைங்களும் போவுது இல்ல" என்றான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வேன் நின்றது. ஏழெட்டுப் பெண் பிள்ளைகள். ஆளுக்கொரு கட்டைப்பை, பக்கெட், புதுச் செருப்பு. தேவதர்ஷினி கடைசியாக நின்றாள். அவளுக்கு முனைவர் மேல் ஆத்திரம் அடங்கவில்லை.

"அந்த ஆளு உருப்படுவானாம்மா? ஒரு வேலையைச் செய்யத் தெரியல, சால்வை மட்டும் போடத் தெரியுது. ஊரையே ஏமாத்திட்டுப் போயிட்டான்."

பழி முனைவர் மேலேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். பிள்ளைக்கும் அது சுலபம். இருசம்மாள் அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அவுரு இல்லடி. நான்தான். வெளுத்துக் கெடந்துச்சுங்கன்னு நான்தான் யூரியாவைக் கரைச்சு ஊத்திட்டேன்."

தேவதர்ஷினி புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. "ஊத்தாதன்னு மேடம் சொல்லலியா?"

"சொன்னாங்க."

"அப்புறம் ஏம்மா?"

தமிழரசனைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அண்ணன் ஒருவன் இருந்ததாகத்தான் அவளுக்குத் தெரியும். எப்படிப் போனான் என்று தெரியாது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். வெங்கடேசன் "ஏறும்மா, ஏறு, வழியில இன்னும் ரெண்டு பேரை ஏத்தணும்" என்று அவசரப்படுத்தினான். அத்தனையையும் எங்கிருந்து தொடங்குவது என்று இருசம்மாளுக்குத் தெரியவில்லை.

"பசியில கெடந்துச்சுங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

தேவதர்ஷினி பையைத் தானே எடுத்துக்கொண்டு ஏறினாள். இந்தப் பக்கம் ஜன்னல் காலியாகத்தான் இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

இருசம்மாள் வேனின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஓடினாள். "ஏம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?" என்று டிரைவர் கத்தினான். அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. ஜன்னலில் ஒரு கை மட்டும் தெரிந்தது. அது தேவதர்ஷினியுடையதுதானா, பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையுடையதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி வளையல் போட்டிருந்தார்கள்.